அப்பா செடி வாங்கப் பழகினார்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் கொஞ்சம் முணுமுணுக்கிறது, அதுவும் ஏறும்போதுதான், இறங்கும்போது வாயைத் திறப்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த நினைப்பைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு. வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நான் போனில் பேசினால் எதிர்வீடு வரைக்கும் கேட்கிறது என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். இது அப்படிக் கத்திச் சொல்கிற சமாசாரம் இல்லை. உன் அப்பா புது மூக்குக் கண்ணாடி வாங்கத் தம்பியோடு போயிருக்கிறார், கடைக்காரரோடு பேசிப் பேசி வர எப்படியும் நேரமாகும், அதற்குள் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சமாசாரம். உன் தம்பி ஒருவழியாக வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான். போன தடவை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதற்கு முன்னால் எடுத்தவன் இந்தத் தடவை பிரமாதமாக ஓட்டினானாம், பரீட்சை வைத்தவரே முதுகில் தட்டிக்கொடுத்தாராம். எல்லாம் அவன் சொல்வதுதான், கூட இருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. என் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. மாடி வீட்டுக்காரி நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்குச் சாயங்காலம் துணியைக் கொண்டுவந்து நீட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை, நானும் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை. குளிர்சாதனப் பெட்டி மறுபடியும் உறுமுகிறது. ஒரு அடி கொடுத்தால் நிறுத்திக்கொள்கிறது, அதனால் ஆள் கூப்பிடாமல் அடியிலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் நீ வேலை பார்க்கிற செடிக்கடையில் ஒரு ஆள் காய்ந்த செடியைக் கொண்டுவந்து மேஜை மேல் தடாலென்று போட்டு உன்னைக் கன்னாபின்னாவென்று பேசினான் என்று சொன்னாயே, அன்றைக்கு உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "படிச்ச படிப்புக்கு இதெல்லாம் தேவையா, விட்டுட்டுக் கிளம்பி வா" என்றார். நீ ரொம்ப நிதானமாக, "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குப்பா" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் போனைத் தொடவில்லை, நீயும் அப்பா இருக்காரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு, நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் நான். இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும், கோபப்படாமல் படி. நீ அங்கே செடிக்கடையில் நிற்கிறாய் என்று உன் அத்தையிடம் அவர் சொல்லவே இல்லை. "பெரிய செடி கம்பெனியில ஆபீசரா இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். உன் அத்தை அதைத் தன் சம்பந்தி வீடு வரைக்கும் பரப்பி, நீ ஏசி அறையில் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்கு மனசே ஆறவில்லை. பகல் முழுக்க நின்று, மண்ணள்ளி, தொட்டி தூக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பெண்ணை, சொந்த அப்பாவே அறைக்குள் ஒளித்து வைக்கிறாரே என்று இருந்தது. சொல்லிப் பார்த்தேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் திடீரென்று, வாசல்படி ஓரத்தில் ஒரு ரோஜாச் செடி வைக்கப் போகிறேன் என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, போகட்டும் என்று நானும் கிளம்பினேன். நம் வீட்டுப் பக்கம் டயர் கடைக்கு அடுத்தாற்போல் செடி விற்கிற நர்சரி ஒன்று வந்திருக்கிறது. மேலே பச்சை வலை, கீழே ஈரமான ஜல்லி, இரண்டு பக்கமும் மர மேஜைகளில் வரிசை வரிசையாகத் தொட்டிகள். அதை நடத்துகிற அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், கொண்டையில் ஒரு பென்சில், இடுப்பில் கட்டியிருக்கிற துணியின் பையில் கத்தரிக்கோல். கத்தரிக்கோலைப் பார்த்ததுமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, தொழிலில் நம் ஜாதி என்று தோன்றியது. உன் அப்பா போன நேரமோ சனிக்கிழமை சாயங்காலம், நிற்க இடமில்லாத கூட்டம். தள்ளுவண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். தொட்டியைப் பிடித்துத் தூக்காமல் செடியின் தண்டைப் பிடித்துத் தூக்கினார், குழந்தையைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. பார்த்துவிட்டு எடுத்த இடத்தில் வைக்காமல் பக்கத்து வரிசையில் வைத்தார். அந்த அம்மா, வீட்டில் அந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் வெயில் வரும் என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு" என்றார். தொட்டி என்ன அளவு என்று கேட்டதற்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், பேசப் பேசக் கைகள் விரிந்துகொண்டே போயின. அவள் பூ குறைவாக இருக்கிற, அடித்தண்டு தடியாக இருக்கிற செடி ஒன்றை எடுத்துக் காட்டி, இது நின்று பிடிக்கும் என்றாள். இவர் அதை ஒதுக்கிவிட்டு, கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்த ஒல்லிக்குச்சிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அளவெடுக்காமல் துணி வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்தச் செடியை அவர் வளர்த்த கதையை நீ கேட்டால் சிரிப்பாய், உன் தொழிலுக்கு அழுகையும் வரும். வாழ்நாள் முழுக்க நீரேற்று நிலையத்தில் இருந்துகொண்டு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் அல்லவா, காலையில் மணியடித்த மாதிரி ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. தரை ஈரமாகிறது என்று நான் சொன்னதால் தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய தட்டு, அதிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும். இலை மஞ்சளானது, தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு வாளி சேர்ந்தது. இலை உதிர்ந்தது, மத்தியானத்துக்கும் ஒரு வாளி வந்துவிட்டது. கொஞ்சம் மண் காயட்டுமே என்றேன். "ஊருக்கே தண்ணி விட்டவன், எனக்கு நீ சொல்லித் தர்றியா" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். செடி அதற்கு மேல் தாங்கவில்லை, குச்சியாகிவிட்டது. உடனே கோபம் வந்துவிட்டது அவருக்கு. தொட்டியோடு தூக்கிக்கொண்டு, மறுபடியும் ஒரு சனிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து நர்சரிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே நடந்ததை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மேஜை மேல் தடாலென்று தொட்டியை வைத்து, "செத்த செடியை வித்து ஏமாத்துறீங்க" என்றார். சுற்றி நின்ற கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது. அந்த அம்மா கையுறை போட்ட கையோடு தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், கால் வாளித் தண்ணீர் கடகடவென்று கொட்டியது. வேர் கறுத்து, கூழாகி, மூக்கைப் பிடிக்கிற நாற்றம். நீங்கள்தான் கொன்றீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு சார்" என்று மெதுவாகச் சொன்னாள். இவர் அதற்கும் மேலே போய், உங்களுக்கு என்ன தெரியும், வியாபாரம் மட்டும்தான் தெரியும் என்று குரலை உயர்த்தினார். அவள், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் இருக்கிற குழாய்க்குப் போனாள். போய்க் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவினாள். கையுறை போட்டிருந்த கை, அதில் ஒரு பொட்டு மண் கிடையாது, ஆனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நின்றாள். திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். பாதிப் பேச்சில் நின்றுவிட்டார், வாய் திறந்தபடியே இருக்கிறது, கண் அந்தக் குழாயையே பார்க்கிறது. அவள் திரும்பி வருவதற்குள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நான் அவளிடம் என்னவோ உளறிவிட்டு ஓடிவந்தேன். வருகிற வழியில் சிக்னலில் நின்றபோது தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "நம்ம பொண்ணும் இப்படித்தான் போய் நிப்பாளா" என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன் கண்ணு. யாராவது கத்திவிட்டால் கையில் மண்ணே இல்லாவிட்டாலும் பின்பக்கக் குழாய்க்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவேன் என்று நீ சொன்னது என்னிடம்தான். அவர் அப்போது கூடத்து நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நீ பேசுகிற நேரத்தில் அந்தச் செய்தித்தாளின் பக்கம் திரும்புவதே இல்லை. எனக்குக் காது மந்தம் என்று போனைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன் அல்லவா, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் போயிருக்கிறது. வாசலில் ரோஜா வைக்கக் கிளம்பியது கூட, உன் வேலை என்னதான் வேலை என்று பார்க்கத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. வாய் திறந்து சொல்வாரா, சொல்ல மாட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் எழுந்து என் அளவு டேப்பைக் கேட்டார். வாசல்படி ஓரத்தை நீளம் அகலம் அளந்தார், தொட்டியின் வாய் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தார். பிறகு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார், எந்த மூலையில் வெயில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்தார், சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் வீட்டில் ஏதாவது சண்டையா என்று என்னைக் கேட்டார்கள். போனில் வாசலைப் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, வா போகலாம் என்றார், கூட்டமில்லாத நாள், காலை நேரம். "சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்னுக்கிட்டு ஆயிரம் கேள்வி கேட்டா பாவம் அவங்க யாருக்குன்னு பதில் சொல்வாங்க" என்றார். அது அச்சு அசல் நீ சொன்ன வாக்கியம், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி எனக்குச் சொன்னார். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரித் தலையாட்டினேன். என் செம்பருத்தி இலையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த இலை ஒன்றைக் காட்டலாம் என்று கையில் எடுத்தேன். அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது, பூச்சி அங்கே இருக்கிற செடிக்கெல்லாம் தாவிவிடும் என்று அவரே ஒரு பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

நர்சரிக்கு உள்ளே போனதும் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினார். அந்த அம்மா இவரைப் பார்த்ததும் முகத்தைத் திடப்படுத்திக்கொள்கிறாள், எனக்குத் தெரிகிறது. இவர் நேரே போய், "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. செடி என்னாலதான் போச்சு. உங்க மேல பழி போட்டுட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் கூட இவ்வளவு நேராக ஒரு மன்னிப்பு வந்ததில்லை, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது. அவள், "நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்" என்று கேட்டாள். ஊருக்குத் தண்ணீர் விடுகிற வேலை என்றதும் கொண்டைப் பென்சில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்போ ரோஜா என்ன சார் பண்ணும் பாவம்" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. அளவு சொல்கிறார், படம் காட்டுகிறார், காலை வெயில் மட்டும்தான், மத்தியானத்துக்கு மேல் நிழல் என்கிறார். பூவை விட்டுவிட்டுத் தண்டைப் பார்க்கிறார், இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறார், வேரைப் பார்க்கலாமா, நீங்களே எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கிறார். வேண்டாம் என்று வைத்த தொட்டியை எடுத்த இடத்திலேயே, பெயர்ச்சீட்டு வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைக்கிறார். என் இலையை அவள் பையைப் பிரிக்காமலே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா, கேட்டு வைக்கிறேன், அதுக்குள்ள மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள் பார், எனக்கு அவள் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. என்னிடம் வருகிறவர்கள் பட்டுத் துணி கறை போகுமா என்று கேட்டால் நான் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புகிறேன், இனிமேல் கூடாது.

அந்த ரோஜா இப்போது தளதளவென்று நிற்கிறது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாரத்தில் ஒரு காலை நர்சரியில்தான் என்று ஆகிவிட்டது, வாசல்படி போய், மாடிப்படி போய், நான் துணி உலர்த்துகிற இடத்துக்கும் தொட்டிகள் வந்துவிட்டன. எந்தத் தொட்டியைக் கண்டாலும் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கிறார், காய்ந்திருந்தால்தான் தண்ணீர். செய்தித்தாள் முழுக்க மண் ரேகை. என் தேநீர் சூடாக இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுவாரோ என்று கோப்பையைக் கைக்குள் பொத்திக்கொண்டு குடிக்கிறேன். நர்சரியிலும் அமர்க்களம்தான். யாராவது வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் இவர் போய் ஓரமாகத் தள்ளுவார். யாராவது மொட்டைக் கிள்ளினால் தொண்டையைக் கனைப்பார். அந்த அம்மாவிடம் ஒரு செடியைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இதே செடி வேறு எங்கே குறைவாகக் கிடைக்கும் என்று அவள் எதிரிலேயே போனில் பேசின ஒருவனை முறைத்த முறைப்பில் அவன் போனை வைத்துவிட்டான். கடைசியில் அவளே, "சார், நீங்க கஸ்டமரா மட்டும் இருங்க, அது போதும்" என்று சொல்லும்படி ஆயிற்று. அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனை வாங்க மாட்டார். அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினால் என்ன என்று நான் கேட்டே விட்டேன். "என்னன்னு பேசறது. வேலையை விட்டுட்டு வான்னு சொன்னவன்" என்று சொல்லிவிட்டு விரலை மண்ணுக்குள் விட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் இல்லை கண்ணு, வெட்கம். அது எனக்குத் தெரிந்தது, உனக்கு எப்படித் தெரிய வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் உன் அத்தை வந்து சேர்ந்தாள். வாசலில் இறங்கினதும் இத்தனை தொட்டியையும் பார்த்துவிட்டு, எனக்கும் பால்கனிக்குச் செடி வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். போனோம். உன் அத்தையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் கிடையாது. நான் மண்கலவை மூட்டைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், அவள் ஒரு வண்ண இலைச் செடியின் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் பட்டென்று ஒடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். அடுத்த மேஜையில் இன்னொன்று. உன் அப்பா பார்த்துவிட்டார். பக்கத்தில் போய், "அக்கா, அதை வெளிய எடு" என்றார். "டேய், ஒரு துண்டு கிள்ளினா கடையே காலியாயிடுமா, இவ்வளவு வெச்சிருக்காங்க" என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். நர்சரிக்காரம்மா கொஞ்ச தூரத்தில் நிற்கிறாள், கேட்கிறது, ஆனால் வயதில் பெரியவள் என்று வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா சுற்றும் முற்றும் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "நுனியை ஒடிச்சா அந்தச் செடியை அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க அக்கா. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடையில நிக்கிறவங்க. என் பொண்ணும் இந்த வேலைதான் பார்க்கறா" என்றார்.

உன் அத்தை திகைத்துப்போய், "ஆபீசர்னு சொன்னியே" என்றாள். "பொய் சொன்னேன். ஆபீஸ் இல்ல, கடை. இதே மாதிரி கடை. காலையிலேருந்து நின்னுக்கிட்டே வேலை, மண்ணுல வேலை. அவ வந்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததைக் கேட்டுத்தான் நானே செடி வாங்கக் கத்துக்கிட்டேன்" என்றார். கூட்டம் இல்லாத நேரம்தான், ஆனாலும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் கேட்டது. நான் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். உன் அத்தை கைப்பையைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள். நாங்கள் பார்த்தது இரண்டு, வெளியே வந்தது ஐந்து. நர்சரிக்காரம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினாள், "ஒடிச்சது ஒடிச்சாச்சு, வீணாக்க வேணாம்மா, ஆனா தாய்ச் செடியை நீங்க வாங்கிக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். உன் அத்தையும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது வாங்கின தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "என் வீட்டு மல்லிகை நாலு வருஷமா மொட்டே விடல, உன் பொண்ணைக் கேட்டுச் சொல்லேன்" என்றாள். ஆபீசராக இருந்தபோது உன்னை ஒரு கேள்வி கேட்டாளா அவள், இப்போது பார் உனக்கு வந்த மதிப்பை. மல்லிகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று மறக்காமல் சொல், இல்லாவிட்டால் தினம் என்னைக் கூப்பிடுவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவர்தான் எடுப்பார். அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. எடுத்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார், எலுமிச்சைச் செடியைத் தொட்டி மாற்றலாமா, இப்போது மாற்றலாமா குளிர் போகட்டுமா என்றுதான் ஆரம்பிப்பார். அளவு, வெயில், மண் எல்லாம் தயாராக வைத்திருக்கிறார். நீ அழுது வைக்காதே, நீ அழுதால் அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எலுமிச்சைக்குப் பதில் சொல். உன் கடைக்கு வருகிற நல்ல வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வாயோ அப்படிப் பொறுமையாகச் சொல், மற்றதெல்லாம் தானாக வரும். யாராவது கத்தினால் குழாயடியில் வேண்டிய மட்டும் நில், அதில் ஒரு குறைவும் இல்லை, ஆனால் கத்துகிறவர்களில் ஒருவர் இரண்டு பேர் திருந்தி வருவார்கள் என்பதையும் மனசில் வைத்துக்கொள். வயிற்றைக் காயப் போடாதே. கடையில் நிற்கிறபோது போட்டுக்கொள்கிற உடுப்போடு ஒரு படம் எடுத்து அனுப்பு, உன் அத்தை கேட்கிறாள், நானும் கேட்கிறேன். கை நிறைய வேலையும் மனசு நிறைய சந்தோஷமுமாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தம்பி அன்பைச் சொல்லச் சொன்னான், சொல்லாவிட்டாலும் நான் எழுதியிருப்பேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

உறையில் போடுவதற்குள் உன் அப்பா வந்துவிட்டார். புதுக் கண்ணாடியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கடிதத்தைக் கையிலிருந்து வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். நான் கதவோரம் நின்று திட்டுக்குக் காத்திருந்தேன். பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் எழுதியது.

உர மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே. முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கு. பெரிய மூட்டை என்றால் கூட இருக்கிறவர்களைக் கூப்பிடு, தனியாகத் தூக்க வேண்டாம். அப்பா.